சூடேற்றிப் பார்க்காமல் கொடுத்த வண்டி

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவதே முறை என்று சித்தப்பா சொன்னார்கள். நல்லதையும் எழுதுகிறேன். மற்றதையும் எழுதச் சொன்னது அப்பாவேதான்.

அப்பா கோவில்பட்டியில், ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டுப் பத்தொன்பது வயதில் தில்லிக்கு ரயிலேறினார்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டுப் பால்கனியில் நான்கு குளிர்காலம் படுத்து எழுந்தார்கள். கரோல்பாக் ஒர்க்‌ஷாப் ஒன்றில் திட்டு வாங்கியே இந்தி கற்றார்கள். பிறகு ஜனக்புரி பக்கம் சொந்தமாக ஷெட் போட்டார்கள். அம்மா தவறியபோது எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டதும் அப்பாதான். பின்னல் கோணலாக இருக்கும். பள்ளியில் கேலி செய்தால், மெக்கானிக் பின்னியது என்று சொல்லிவிடுவேன்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பெருகியபோது, கியர் மாறும்போது குலுங்குகிறது என்று போனாலே பல கடைகளில் முழு கியர்பாக்ஸையும் மாற்றச் சொல்வார்கள். அப்பா அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டார்கள். கியர் எண்ணெயின் ஓட்டத்தைத் திறந்து மூடும் சாலினாய்டு என்கிற கட்டைவிரல் அளவு மின்வால்வு கெட்டிருக்கலாம், அதற்குப் போகும் வயரும் கெட்டிருக்கலாம். எது என்று அறிய, வண்டியை முக்கால் மணி நேரம் ஓட்டி, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மீட்டர் வைத்து அளப்பார்கள். “ஆறின வண்டி பொய் சொல்லும்” என்பார்கள்.

ஒரே ஒரு வண்டியை அப்படிப் பார்க்கவில்லை.

தில்லியில் துவாரகா பகுதியில் குடியிருப்பதால் துவாரகா மாமா என்று நான் அழைப்பவர் வங்கி அதிகாரியாக இருந்தவர். உறவில்லை, கோயில் பழக்கம். கியர் நழுவுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டார். அப்பா சாலினாய்டை மாற்றினார்கள். வயர் சேருகிற கனெக்டருக்குள் எண்ணெய் கசிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, புதியது கிடைத்ததும் மாற்றலாம் என்று விட்டார்கள். மறுநாள் மாமாவும் அத்தையும் ஆக்ராவில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். “ஜல்தி குடுங்க, இல்லேன்னா வீட்டுல என்னைத் தொலைச்சுடுவா” என்று மாமா சிரித்தார். அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அப்பாவுக்கும் அவசரம். பிழை எண்ணை அழித்து, தெருவைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

நெடுஞ்சாலையில், ஓடிக்கொண்டிருந்தபோதே வண்டியின் இழுவை போய்விட்டது. பின்னால் வந்த லாரி மோதியது. அத்தை அங்கேயே இறந்துபோனார்.

மூன்று மாதம் கழித்து, நொறுங்கிய வண்டி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்தது. அப்பா போய் அந்தக் கனெக்டரைச் சூடாக்கி மீட்டர் வைத்தார்கள். சூட்டில் தொடர்பு அறுந்தது. வழியில் இழுவை போனது அதனால்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்கள்.

“நான் போயி சார்கிட்ட சொல்லிட்டு வந்துடுதேன்.”

“சொன்னா கேஸ் வரும்ப்பா. பத்திரிகை அடிச்சாச்சு, கல்யாணம் நின்னுடும். யாரும் யாரையும் குறை சொல்லலையே, விடுங்களேன்.”

“அந்தம்மா என் கையால செத்திருக்காக.”

“அப்ப நானும் செத்துடறேன், போதுமா?”

இதைச் சொன்னவள் நான். அப்பா அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் கல்யாணத்துக்கு மாமா தனியாக வந்து அட்சதை போட்டார். அப்பா தலை நிமிரவில்லை. ஆறு மாதத்தில் ஷெட்டை மூடினார்கள். முழங்கால் வலி என்று உங்கள் எல்லோரிடமும் நான்தான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். அப்பா என்னைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் நுரையீரல் கெட்டது. ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு அப்பா தெளிவாகச் சொன்னது இது ஒன்றுதான்: “சார்கிட்ட சொல்லிரும்மா. மலர் போட்டா அதுலயும் போடு.” சரி என்றேன். அந்தச் சரியை நிறைவேற்றப் பதினொரு மாதம் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பயம்.

சென்ற மாதம் துவாரகா போனேன். மாமா தனியாக இருக்கிறார். அவரே காபி போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப என் கை படலையா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“அவ தண்ணி கேட்டாம்மா. பாட்டில எடுக்கும்போது என் கை கியர் லிவர்ல பட்டு நியூட்ரலுக்குப் போயிடுச்சுன்னு நெனச்சேன். பாவம், லாரிக்காரன் மேல தப்பில்லன்னு போலீஸ்ல நானே எழுதிக் குடுத்தேன். வெளிய யார்கிட்டயும் சொல்லல. பையன்கிட்ட மட்டும் சொன்னேன். அம்மாவ நீங்கதான் கொன்னீங்கன்னுட்டுப் போனவன்தான். ஏழு வருஷமாச்சு.”

யார் மேலும் பழி விழவில்லை என்று ஏழு வருடமாக நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அப்பாவின் இறுதி நாட்களில் சிலிண்டர் சுமந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், மருத்துவர், செவிலியருக்கும், மயானம்வரை உடன் வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துவாரகா மாமாவுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. அவர் மகனுக்குத் தமிழ் படிக்க வராது. அவர் வீட்டுக்கே போய் இதுவரை எழுதியதை இந்தியில் வாசித்துக் காட்டினேன். “இப்ப வந்து சொல்றீங்களா, தீதி?” என்று, அக்கா முறை வைத்தே கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தன் அப்பாவுக்கு, மாமாவுக்கு, அவர் இன்னும் போன் செய்யவில்லை. அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நான் சொல்லி அவர் கேட்கவில்லை, நீங்களாவது சொல்லுங்கள். அன்று மாமாவின் கை கியர் லிவரில் படவே இல்லை.

– மகள்