பைன் பலகை அலுமாரி

கனடாவில் மரக்கடைப் பக்கம் போகையில், அறுத்த பைன் பலகையின் பிசின் வாசம் மூக்கில் ஏறினாலே, ஊரில், கடலோரத்து இறுப்பிட்டி வீட்டில் அப்பா அலுமாரியைக் கோடரியால் கொத்திய சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. தெற்கில், சிங்களப் பகுதியில் அவர் நடத்திய கடைக்குச் சாமான் வந்த பைன் பெட்டிகளைப் பிரித்து, அங்கே அவரோடு நின்ற சித்தப்பா செய்து அனுப்பிய அலுமாரி அது. இனக்கலவரத்தில் கடையைக் கொளுத்தினார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

“ஏனப்பா உதைக் கொத்திறியள்?” என்று அம்மா கேட்டார்.

“கடைத் தட்டெல்லாம் இந்தப் பலகைதான். பத்தினா அணைக்க ஏலாது. தம்பி உள்ளுக்கை நிண்டவன்.”

அடுப்பெரிக்கவும் கொடுக்காமல், துண்டுகளை அள்ளிக்கொண்டு போய்க் கடலில் எறிந்தார். பாரமில்லாத மரம், மிதந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கை கிழிந்து இரத்தம் வர வர, ஒவ்வொன்றாக அமுக்கினார். கையை எடுத்ததும் அது மேலே வந்தது. அம்மா சேலையோடு இறங்கிப் போய், பக்கத்தில் நின்று தானும் அமுக்கத் தொடங்கினார்.