நூற்று இருபது காட்டிய மெஷின்

அடி விழும் சத்தம் படிக்கட்டிலேயே கேட்டது. ரிப்பேர் அக்கா டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஐம்பத்திரண்டு வயது. முட்டி வலி. ஆனாலும் ஏறினாள், ஏனென்றால் அந்தக் கை யாருடையது என்று அவளுக்குச் சத்தத்தை வைத்தே தெரியும்.

மேலே கேமிங் ஹால். பதினாறு மெஷின், பதினாறு நாற்காலி, ஜன்னல்களில் கறுப்புத் தாள். நடுவில் அவள் தம்பி, ஹாலின் முதலாளி, ஒருவனின் பிடரியைப் பிடித்து முகத்தைக் கீபோர்டில் மோதிக்கொண்டிருந்தான். பட்டன்கள் தெறித்துத் தரையில் உருண்டன. சிலவற்றில் ரத்தம்.

"சொல்லுடா. யாருகிட்ட வித்தே ஆட்டத்த?"

"விக்கல முதலாளி. மெஷின் திக்குது."

"நூத்தி இருபது காட்டுது. திக்குதாம்! நாக்கு திக்கும், மெஷின் திக்குமா?"

இன்னொரு மோதல்.

அடி வாங்கிக்கொண்டிருந்தவனை எல்லோரும் ஊசி என்பார்கள். துப்பாக்கி ஆட்டத்தில் ஊசிக் காதுக்குள் குண்டை நுழைப்பான் என்று பெயர். முப்பத்தொரு வயது, கல்யாணமானவன், கைக்குழந்தை ஒன்று. ஹாலின் டீமுக்காகச் சம்பளத்துக்கு ஆடுபவன். போட்டியில் இதே மெஷினில் உட்கார்ந்து நேற்று ஒரு ஆட்டம் தோற்றான், இன்று காலை இன்னொன்று. கடைசி ஆட்டம் மாலை நாலு மணிக்கு.

"விடுடா அவனை" என்றாள் அக்கா.

"வந்துட்டியா? உன்னைத்தான் கூப்பிட்டேன். மெஷின்மேல பழி போடறான். பாத்துச் சொல்லு. கோளாறு இருந்தா நாலு மணிக்குள்ள எனக்குக் காட்டு. இல்லேன்னா ஆட்டத்த வித்த கை இதுதானே?" ஊசியின் வலது கையை மேசைமேல் விரித்து அமுக்கினான். பக்கத்தில் மானிட்டரின் இரும்பு ஸ்டாண்ட் ஒன்று கழற்றித் தயாராகக் கிடந்தது. "அஞ்சு விரலும் இங்கயே."

அவன் சொன்னால் செய்வான். இவளைவிடப் பத்து வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. அதன் பிறகு குளிப்பாட்டியதும் ஊட்டியதும் இவள்தான். அவன் முதலில் உடைத்தது ஒரு ரேடியோ. பிறகு ஒரு பூனையின் கால். பிறகு இவளுடைய முன்பல். "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்று அப்பாவிடம் அவளே சொன்னாள். அந்தப் பொய் அவள் வாயில் நன்றாகப் பழகிவிட்டது. பிறகு எத்தனையோ கதவுகள் வந்தன.

தொழிலை அவள் ஒரு டிவி ரிப்பேர் கடையில் கற்றாள். அங்கேயே வேலை செய்தவரைக் கட்டிக்கொண்டாள். அவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். டிவி போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அவளும் மாறினாள். கடையின் பின்னறையில் ஒரு மகளை வளர்த்தாள். கெட்ட மெஷின் எது வந்தாலும் முதலில் கையைக் கழுவுவாள். பிறகு அதை ஓட்டியவரிடம் கேட்பாள். மெஷினைத் தொடுவது மூன்றாவதுதான்.

இப்போதும் வாஷ்பேசினில் கை கழுவினாள். ஊசியின் முன்னால் குனிந்தாள்.

"தம்பி, எப்ப திக்குது?"

ஊசி ரத்தத்தை விழுங்கிவிட்டுப் பேசினான். "திரும்பும்போதுக்கா. எவனாவது குறுக்கே ஓடினா. ஓடறவன் இழுத்து இழுத்து வரான். நான் சுடற இடத்துல அவன் இல்ல."

"சும்மா நிக்கும்போது?"

"ஒண்ணும் இல்ல."

"கத அளக்கறான் பாரு" என்றான் தம்பி.

அந்த மெஷினில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இணைப்புப் பட்டை. திரையில் ஓடும் படத்தை இரண்டும் பங்குபோட்டு வரைய வேண்டும். கேபினட்டின் பக்கவாட்டில் சிவப்பு பெயின்டில் 120 என்று எழுதியிருந்தது. அது அந்த ஹாலின் வழக்கம். ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கைத் தம்பியே அளந்து, தம்பியே பெயின்டில் எழுதுவான். "தொண்ணூறுல உக்காரு, அறுபதுல ஆள் இருக்கு" என்றுதான் அங்கே பேச்சு. நூற்று இருபது அவன் தலைமகன் மாதிரி.

அக்கா பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டாள். இரண்டு கார்டும் சேர்ந்து இழுக்கும்போது மின்சாரம் போதாமல் இருக்கலாம். மெஷினை அணைத்தாள்.

பளார் என்று சத்தம். தம்பி ஊசியை அறைந்திருந்தான்.

"எதுக்குடா?"

"ஒவ்வொரு தடவ நீ அணைக்கும்போதும் ஒண்ணு. அப்பத்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பே."

ஹாலின் காவலாட்கள் இரண்டு பேர் ஊசியின் தோள்களைப் பிடித்திருந்தார்கள். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் தரையைப் பார்த்தான்.

பவர் சப்ளையை மாற்றினாள். அதே திக்கல். மேல் கார்டு தொண்ணூற்றொரு டிகிரியில் கொதித்தது. கீழ்க் கார்டின் சூடெல்லாம் அதன் வயிற்றில். பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். சூடு இறங்கியது. திக்கல் இறங்கவில்லை. கார்டுகளைப் பிடுங்கித் துடைத்துச் செருக வேண்டும். அணைத்தாள். இரண்டாவது அறை. இணைப்புப் பட்டையை மாற்ற மூன்றாவது. கார்டின் டிரைவர் சாஃப்ட்வேரை நீக்க நான்காவது, திரும்பப் போட ஐந்தாவது. ஊசியின் இடது கண் மூடிக்கொண்டது. ஆறாவது, மேல் கார்டைக் கீழேயும் கீழ்க் கார்டை மேலேயும் மாற்றியதற்கு. அந்த அறையில் ஒரு பல் மேசையில் விழுந்தது. தம்பி அதை விரலால் சுண்டிவிட்டான்.

முப்பது வருடத் தொழிலில் முதல் தடவையாக ஒரு மெஷினை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.

திரையின் மூலையில் எண் அசையாமல் நின்றது. நூற்று இருபது. நூற்றுப் பத்தொன்பது. நூற்று இருபது.

அப்போதுதான் அவள் உண்மையை ஒத்துக்கொண்டாள். அது புதிதாகத் தெரிந்த உண்மை இல்லை. முதல் அறைக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி மற்றதையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

முந்தின மாதம் தம்பி இரண்டாவது கார்டை வாங்கி வந்தான். ஒரு கார்டில் எழுபத்தொன்று காட்டிய மெஷின் இரண்டு கார்டில் எழுபத்தெட்டுத்தான் காட்டியது. "ரெண்டு கார்டுக்கு ஏழுதானா?" என்று நாற்காலியைத் தூக்கி அவள் கடைக் கண்ணாடி அலமாரியில் எறிந்தான். சில்லு ஒன்று அவள் நெற்றியைக் கிழித்தது. நெற்றியில் பஞ்சை அமுக்கிக்கொண்டே அவள் செட்டிங்கை மாற்றினாள். ஒரு படத்தை இரண்டு கார்டும் சேர்ந்து வரைவதை நிறுத்தி, ஒரு படம் இது, அடுத்த படம் அது என்று வைத்தாள். எண் ஒரேயடியாக ஏறியது. தம்பி அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான்.

அந்த எண் சராசரி. இரண்டு படம் ஒட்டி ஒட்டி வரும், பிறகு ஒரு பள்ளம். மறுபடி இரண்டு, மறுபடி பள்ளம். கணக்கில் நூற்று இருபது, கண்ணுக்கு அதில் பாதி. அவளுக்கு இது அன்றைக்கே தெரியும். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். கவனித்தவன் ஊசி ஒருவன்தான். அவன் பிழைப்பே அந்தப் பள்ளத்தில் இருந்தது.

ஃபோனை எடுத்தாள். ஓடும் எதிரியைத் திரையோடு சேர்த்து ஸ்லோமோஷனில் பிடித்தாள். தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு. ஒரு எட்டு, இன்னொரு எட்டு, நிக்கறான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு, நிக்கறான். இப்படித்தான் மனுஷன் ஓடுவானா?"

"நம்பர் நூத்தி இருபது."

"நம்பர் பொய்டா. ஒரு கார்ட உருவறேன். அவன் ஆடட்டும்."

"அணைக்கணுமே" என்று தம்பி கையை ஓங்கினான்.

"இந்தத் தடவ எனக்குக் குடு."

கொடுத்தான். யோசிக்கக்கூட இல்லை. அவள் காதுக்குள் ஒரு விசில் கிளம்பியது. அது ஓயும் முன்பே கீழ்க் கார்டை உருவி மேசைமேல் வைத்து மெஷினைக் கிளப்பினாள்.

எண் எழுபத்தொன்று. காவலாள் ஒருவன் "போச்சு" என்றான்.

ஊசி ஒரு கண்ணோடு உட்கார்ந்தான். மௌஸில் ரத்தம் வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டான். முதல் தலை. இரண்டாவது. குறுக்கே ஓடியவன். திரும்பிச் சுட்டது. ஏழு குண்டு, ஏழு தலை. சுவர் மறைவில் இருந்து எட்டாவது ஆள் எட்டிப் பார்த்ததும் அவனும் விழுந்தான்.

தம்பி நாற்காலியின் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"ரெண்டாவது கார்டு போட்டதுல இருந்தே இப்படியா?"

"ஆமாம்."

"யாரு வெச்சது?"

அக்கா கதவு எதையும் தேடவில்லை. "நான்தான். தெரிஞ்சேதான் வெச்சேன். நீ அடிப்பேன்னு பயந்து வெச்சேன். அந்தப் பையன்மேல ஒரு தப்பும் இல்ல, அவன விட்டுடு."

தம்பி ஊசியை விட்டுவிட்டான். அக்காவின் வலது கையைப் பிடித்து, ஊசியின் கை இருந்த அதே இடத்தில் விரித்து அமுக்கினான். இரும்பு ஸ்டாண்டை ஓங்கினான். அவள் "டேய்" என்று மட்டும் சொன்னாள், சின்ன வயதில் அவன் சோறு வேண்டாம் என்று ஓடும்போது சொல்வது போல. ஸ்டாண்ட் இறங்கியது. மூன்று விரல்கள். காய்ந்த சுள்ளி மாதிரி சத்தம்.

இரண்டாவது தடவை ஓங்கினான்.

ஊசி வாசல்வரை போயிருந்தான். ஓடியிருக்கலாம். திரும்பி வந்தான். மேசைமேல் அவள் உருவி வைத்த கார்டு கிடந்தது, செங்கல் கனம், ஓரமெல்லாம் தகடு. அதை இரண்டு கையாலும் எடுத்து முதலாளியின் நெற்றியில் இறக்கினான். ஒரு தடவைதான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. தம்பி முட்டி போட்டு உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். கார்டின் ஃபேன் இறக்கை ஒன்று அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காவலாட்கள் இருவரும் அசையவில்லை. சிரித்தவன்தான் முதலில் கதவைத் திறந்துவிட்டான்.

நாலு மணி ஆட்டத்துக்கு யாரும் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் வந்து சேர்ந்தபோது அக்கா வராந்தா பெஞ்சில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கை துணிக்குள், அவன் முகம் துணிக்குள். விரல்களைக் கடைசிவரை யாராலும் நேராக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம், போன மாதம் இறக்கும்வரை, இடது கையில்தான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தாள். வேலை மெதுவாகியது. தப்பு ஆகவில்லை. ரெண்டாவது கார்டு உருப்படியா வேலை செஞ்சது அன்னிக்கு ஒரு நாள்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். தம்பியைப் பற்றி மட்டும் சிரிக்க மாட்டாள். அவன் வந்தால் கடையை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றுதான் பேசுவாள்.

அன்றைக்கு வராந்தாவில் ஊசி தன் பத்து விரல்களையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"சொல்லாத. நீ வாங்கின அறை எல்லாம் என்னாலதான்."

"ஏழு அறைக்கா."

"ஆறு. ஏழாவது எனக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வலித்தது. அழுதான்.