டிராப் அவுட் பையன், கால் ஆஃப் பொண்ணு

மல்லசமுத்திரத்தில் ஒரு பேக்கரி. நானும் என் தங்கை கணவர் செல்வராசுவும் ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு, ஏதோ இடம் வாங்க வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தோம்.

வந்த காரியம் வேறு. செல்வராசுவின் மகளுக்கு மாப்பிள்ளை விசாரிப்பு.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்… ஜாதகம் பொருந்திவிட்டால், பெண் வீட்டார் பையனுடைய ஊருக்குப் போவார்கள். பேக்கரி, உரக்கடை, சலூன் என்று ஏறி இறங்கி, 'பையன் எப்படி?' என்று யாருக்கும் தெரியாமல் கேட்பார்கள். யாருக்கும் தெரியாமல் என்பது அவர்கள் நினைப்பு. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

பேக்கரிக்காரர் டீக்கு முன்பாகவே பதிலைத் தயாராக வைத்திருந்தார். "தங்கமான பையனுங்க. பீடி சிகரெட் கிடையாது. போர் போடற ரிக் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காப்ல, நல்லா ஓடுது. காலேஜ்ல மட்டும்… டிராப் அவுட் ஆயிட்டாப்லைங்க."

செல்வராசு அதையும் ஒரு பட்டம் மாதிரி கேட்டுத் தலையாட்டினார்.

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. அதுவரை நல்ல தமிழில் பேசிக்கொண்டிருந்த மனிதர், அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏன் இங்கிலீஷுக்குத் தாவினார்? புரோக்கர் எங்களிடம் சொன்னது, "பி.இ. படிச்சவருங்க" என்று. படித்தவர்தான். முடித்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து உரக்கடை. பையனின் அப்பாவைப் பற்றி விசாரித்தோம்.

"அவரும் தம்பியும் சேந்துதானுங்க லாரி ஓட்டுனாங்க. அப்புறமேட்டு ஸ்ப்ளிட் அப் ஆயிட்டாங்க."

"சண்டைங்களா?" என்றார் செல்வராசு.

"சேச்சே! ஸ்ப்ளிட் அப்புங்க."

நீங்களே சொல்லுங்கள், இதற்கு மேல் என்ன கேட்பது?

இந்த மாதிரி இரட்டை மாட்டு வண்டி இங்கிலீஷ் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண் உண்டு. 'கால்' என்றால் கூப்பிடுவது. 'ஆஃப்' என்றால் லைட்டை அணைப்பது. தனித்தனியாக இரண்டும் சாதுவான வார்த்தைகள். சேர்த்துக் கட்டினால் கல்யாணம் நின்றுவிடுகிறது! 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. மேலே தூக்கிக் கொடுத்தால் அது எப்படிக் கைவிடுவதாகும்? அப், அவுட், ஆஃப், டவுன்… இந்தப் பொடிசுகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டால் முன்னால் இருக்கிற வார்த்தையை நம்பவே கூடாது.

சரி, வெள்ளைக்காரன் அவன் வசதிக்குச் செய்துகொண்டான். நாம் ஏன் இதைத் தேடிப்பிடித்து வைத்துக்கொண்டோம்? கவனித்துப் பாருங்கள்… நல்ல சேதி எதையும் நாம் இந்த வண்டியில் ஏற்றுவதில்லை. கம்பெனி துரத்திவிட்டால் லே ஆஃப். கடையில் ஈ ஓட்டி இழுத்து மூடினால் ஷட் டவுன். காதலித்தவனைக் கழற்றிவிட்டால் பிரேக் அப். தமிழில் 'துரத்திட்டாங்க' என்று சொன்னால், யார் துரத்தினார்கள், எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். 'லே ஆஃப்' என்றால் ஏதோ மழை பெய்த மாதிரி. யாருக்கும் பொறுப்பில்லை. இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தைக் கலைத்த பாவம் பேக்கரிக்காரருக்கும் வேண்டாம், உண்மையை மறைத்த பாவமும் வேண்டாம். டிராப் அவுட் என்று சொல்லிவிட்டு அவர் போண்டா எடுக்கப் போய்விட்டார்.

இப்படியெல்லாம் நான் ஞானியாகிக்கொண்டிருந்தபோது செல்வராசுவின் போன் அடித்தது. ராசிபுரத்தில் அவருடைய தீவனக் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்.

"அண்ணா, நம்ம பாப்பாவப் பத்தி ரெண்டு பேரு வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க. மல்லசமுத்திரம்னு சொன்னாங்க."

நாங்கள் இங்கே, அவர்கள் அங்கே! வழியில் எதிர் எதிர் பஸ்ஸில் டாட்டா காட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"நீ என்னப்பா சொன்ன?"

"நல்ல புள்ளைன்னுதான் சொன்னேன். முன்னால ஒண்ணு கால் ஆஃப் ஆயிப்போச்சுன்னு மட்டும்…"

செல்வராசு போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பேக்கரிக்காரரை நினைத்து நான் சிரித்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. ஏனென்றால் அந்த 'கால் ஆஃப்' எங்கள் வீட்டுத் தயாரிப்பு. போன வருடம் என் தங்கை மகள் நிவேதாவுக்கு உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. உப்புச் சர்க்கரை மாற்றியபின் முறிவது எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. யார் நிறுத்தினார்கள் என்று ஊர் கேட்டபோது, நாங்கள் எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொண்ட பதில் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பையன் வீட்டார் பெண் பார்க்க ராசிபுரம் வந்தார்கள். அதற்கு முன்பே செல்வராசு வீட்டில் ஒத்திகை நடத்தினார். "கேட்டா, ரெண்டு பேருஞ் சேந்து கால் ஆஃப் பண்ணிட்டம்னு சொல்லோணும். யாரும் உளறக் கூடாது." சொன்னவர் ஏனோ என்னையே பார்த்தார்.

நிவேதா ஒன்றும் சொல்லவில்லை. சேலத்தில் வேலை பார்க்கிற பெண். அவள் சும்மா இருந்தால் எனக்குப் பயம்.

காபி வந்தது, மிக்சர் வந்தது. பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். "முன்னால ஒண்ணு… கால் ஆஃப்னு கேள்விப்பட்டோமுங்க…"

"அது வந்துங்க, ரெண்டு பக்கமும் பேசி…" என்று செல்வராசு ஆரம்பித்தார்.

"நாந்தானுங்க வேண்டாம்னேன்" என்றாள் நிவேதா.

உள்ளே போய்க்கொண்டிருந்த என் தங்கை காபித் தட்டோடு திரும்பி வந்தாள்.

"உப்புச் சர்க்கர மாத்துன பொறகு, அவரு பாக்க வரும்போதெல்லாம் என் போனைப் புடுங்கி, யாரு யாரோட பேசறேன்னு பாப்பாருங்க. ஒரு நாள் ஆபீசுக்கே வந்து, கூட வேலை செய்யறவங்ககிட்ட என்னையப் பத்தி விசாரிச்சாரு. அன்னைக்கே மோதிரத்தக் கழட்டிக் குடுத்துட்டேன். யாரும் பேசி முடிக்கலீங்க. நானே முடிச்சுட்டேன்."

செல்வராசு தரையைப் பார்த்தார். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். வெட்கமாகவும் இருந்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் போர்த்திய போர்வை, அவள் கேட்டது இல்லை. அந்தப் பெண் தைரியமாகச் செய்த ஒரு காரியத்தை, அவள் செய்ததே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

அப்போது பையன் நிமிர்ந்தான்.

"நானும் டிராப் அவுட் எல்லாம் இல்லீங்க. பெயிலு. அரியர் சேந்துபோச்சு, எழுத எழுத வரலை. ஆஸ்டல்ல இருந்து பையத் தூக்கிட்டு ஓடியாந்துட்டேன். அப்பாதான் வெளியில டிராப் அவுட்னு சொல்லச் சொன்னாரு."

"டேய்!" என்றார் அவன் அப்பா.

நிவேதா முதல் முறையாக அவனை நேராகப் பார்த்தாள். எங்கள் ரெண்டு ஊர் பேக்கரியும் உரக்கடையும் சேர்ந்து கண்டுபிடிக்காததை, காபி ஆறுவதற்குள் இரண்டு பேரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது பையனின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "ஊட்டுக்குப் போயி பேசிப்போட்டு… கெட் பேக் பண்றோமுங்க."

செல்வராசுவும் விடவில்லை. "நாங்களும் பேசிட்டு கெட் பேக் பண்றோமுங்க."

வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்ல இதைவிட நல்ல வண்டி இன்னும் வரவில்லையே!

புதன்கிழமை நிவேதா போன் செய்தாள். "மாமா, அவரு பேசுனாரு. 'எனக்கு உங்களப் புடிச்சிருக்கு, உங்களுக்கு என்னையப் புடிச்சிருக்குதா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சாமி சொன்ன?"

"புடிச்சிருக்குன்னேன்."

"அவங்கப்பா? உங்கப்பா?"

சிரித்தாள். இதை எழுதி அனுப்பும் இந்த நிமிடம் வரை, அப்பாக்கள் இரண்டு பேரும் கெட் பேக் பண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.