கூரையில் எறியாத பல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் வகுப்புக்கு நான் டீச்சராக இருந்தேன். பல் விளக்குவதைப் பற்றிப் பாடம் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது என் நினைப்பு. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ராகம் போட்டுப் பாடுவார்களே தவிர, வாயைத் திறந்தால் முந்தின நாள் கருவாடு மணக்கும். அதனால் பால் காய்ச்சிய மண்சட்டி ஒன்றைக் கழுவாமல் கொண்டுபோய் வகுப்பு ஜன்னலில் வைத்துவிடுவேன். மறுநாள் காலையில் ஒவ்வொரு பிள்ளையும் அதை மோந்து பார்க்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

"இந்தச் சட்டிதான் உங்க வாய். சட்டி ஓட்டையாப் போனா வேற வாங்கிக்கிடலாம். பல்லு ஓட்டையாப் போனா எந்தச் சந்தையில வாங்குவிய?" என்று கேட்பேன்.

அதற்குப் பிறகு உதட்டோரம் உமிக்கரி ஒட்டியிருக்க வகுப்புக்கு வருவார்கள், விளக்கியதற்கு அத்தாட்சியாக. யாராவது துடைத்துவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என் வீட்டிலேயே நடந்தது. என் மகளும் அதே வகுப்பில்தான் இருந்தாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, "டீச்சர், உங்க பாப்பா வாயி அந்தச் சட்டி மாதிரி நாறுது" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் மகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன். உதட்டில் கரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கீழ்வரிசைப் பற்களில் அழுக்கு மஞ்சளாகப் படிந்து கிடந்தது, ஈறு சிவந்து வீங்கியிருந்தது. தினமும் கரியை உதட்டில் மட்டும் தடவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் காதைத் திருகினேன். "ஏட்டி, எதுக்கு இந்தக் களவாணித்தனம்?"

"தேச்சா பல்லு ஆடுதும்மா. விழுந்துரும்."

"விழுந்தா என்ன? வேற முளைக்கும்."

அவள் அழவில்லை. என்னை ஒரு விவரம் கெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இது விழுறதுக்கு முன்னால வந்துருவேன்னு அப்பா சொன்னாவல்ல?"

என் கை தானாகக் காதை விட்டுவிட்டது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். சொந்த ஊர் ராஜபாளையம். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற மனிதர். பெண் பார்க்க வந்தபோதே அப்படித்தான் சிரித்தார். எங்கள் வீட்டில் கொஞ்சம் அடக்கமான மாப்பிள்ளையாகப் பார்க்கலாமா என்று யோசித்தார்கள். எனக்கோ அந்தச் சிரிப்பு ஒன்றே போதுமாக இருந்தது. லீவில் வரும்போதெல்லாம் விடியற்காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். இருவரும் குத்தவைத்து உட்கார்ந்து பல் விளக்குவார்கள். அவரிடம் பட்டாளத்தில் கொடுத்த பிரஷ் இருந்தது, இவளுக்கு ஆள்காட்டி விரல். யார் கொப்பளித்த தண்ணீர் தூரமாகப் போய் விழுகிறது என்று பந்தயம் வேறு. அடுக்களையில் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். இரண்டு பேரையும் செல்லமாகத் திட்டிக்கொண்டே இருப்பேன்.

கடைசி லீவு முடிந்து அவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறப் போனபோது ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போயிருந்தோம். மகள் கீழ்ப்பல்லை நாக்கால் தள்ளி, "அப்பா, ஆடுது பாருங்க" என்று காட்டினாள். விரலால் தொட்டுப் பார்த்தார். "இது விழுறதுக்கு முன்னால அப்பா வந்துருவேன். நாமளே சேந்து கூரையில எறிவோம்" என்றார். பிள்ளையின் அழுகையை நிறுத்த எந்தத் தகப்பனும் சொல்கிற பேச்சுதான். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

சட்டியை மோந்து பார்க்கச் சொல்கிற டீச்சருக்கு இதற்குப் பாடம் தெரியவில்லை. பால்பல் விழத்தான் செய்யும் என்று சொன்னால், அப்பா சொன்னது பொய் என்று ஆகிவிடும். கடைசியில், "அழுக்கு சேந்தா ஈறு கெட்டு சீக்கிரமா விழுந்துரும். நீ அதைக் காப்பாத்தணும்னா சுத்தமா வச்சுக்கிடணும்" என்றேன். மற்ற பல்லையெல்லாம் தேய்க்கச் சம்மதித்தாள். அந்த ஒன்றை மட்டும் ஈரத்துணியின் நுனியால் துடைப்பாள். கோவில் விளக்கைத் துடைக்கிற ஆள்கூட அப்படித் துடைத்திருக்க மாட்டான்.

என்ன துடைத்து என்ன? வத்திராயிருப்பிலிருந்து மாங்காய் வண்டி வந்த நாளில் ஒரு துண்டைக் கடித்தாள், பல் மாங்காயோடு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்ற பேதம் அதற்குக் கிடையாது. இவள் எறிய மறுத்துவிட்டாள். ஒரு தீப்பெட்டியில் பஞ்சை வைத்து அதற்குள் போட்டு மூடிவிட்டாள். சாணியைக் கேட்டுக்கொண்டா பல் முளைக்கிறது, அது பாட்டுக்கு முளைத்துவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் கழித்துச் சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போய்விட்டது என்றார்கள். கடிதம் நின்றது. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஊரில் ஆளுக்கொரு கதை. ராஜபாளையத்துச் சொந்தக்காரர்கள் நல்ல மனதோடுதான், "நம்ம சர்ச்சுல அவருக்காக ஒரு நினைவு ஆராதனை வச்சிருவோம், நீயும் எத்தனை நாள் இப்படியே இருப்ப?" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினால், மகள் தீப்பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பாள். சொந்தக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். காலையில் கிணற்றடியில் அவள் ஒருத்தி மட்டும் கொப்பளிக்கிற சத்தம் கேட்கும்போது அவருக்காக ஏங்கிப்போவேன். பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போவேன்.

சண்டை முடிந்து அவர் வந்தார். வண்டியிலிருந்து இறங்கி வந்தவரை யாரோ என்று நினைத்தேன். பேச வாயைத் திறந்ததும் கையால் மூடிக்கொண்டார். சிறை முகாமில் வருஷக்கணக்கில் அரைவயிற்றுக் கஞ்சி, காய் என்று கண்ணால் பார்த்ததில்லையாம். ஈறு அழுகி முன்பல்லெல்லாம் உதிர்ந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்தபோதும் கை வாயை விட்டு எடுபடவில்லை. நான் இத்தனை காலம் எந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேனோ அது வரவே இல்லை. ஆள் எதிரே இருக்கும்போதே அவருக்காக ஏங்கினேன்.

கதவுக்குப் பின்னால் நின்ற மகளுக்கு இப்போது பத்துப் பதினோரு வயது. மெதுவாக வந்து தீப்பெட்டியை அவர் மடியில் வைத்தாள்.

"விழுந்துட்டுப்பா. ஆனா நான் இன்னும் எறியல."

அவருக்கு முதலில் புரியவில்லை. திறந்து பார்த்ததும் புரிந்தது. "சொன்ன மாதிரி அப்பா வரலையேடா" என்றார் குழறலாக.

"எறிஞ்சாத்தான விழுந்த கணக்கு?" என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். வெறும் ஈறு தெரிந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. அடுக்களைக்குள் போய் அழுதேன்.

சாணி உருட்டி, இருவரும் சேர்ந்து கூரையில் எறிந்தார்கள். நான் வெளியே வந்தபோது கிணற்றடியில் அவரை உட்காரவைத்து, விரலில் உமிக்கரியைத் தொட்டுக்கொண்டு மகள் எதிரே குத்தவைத்திருந்தாள்.

"ஆ காட்டுங்கப்பா. ஈறையும் விளக்கணும்னு அம்மா பாடத்துல சொல்லுவா."

அவர் வாயைத் திறந்து காட்டினார்.