அண்ணி வாங்கிய அலுமினிய சைக்கிள்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம் என்பார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணியைப் புகழாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. லேபில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. பொழுது விடிந்ததும் வீடு வீடாகப் போய், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களிடம் ரத்தம் எடுத்து வர வேண்டும். நரம்பே தெரியாத கையிலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஊசி உள்ளே போனதே தெரியாமல், "எப்பம்மா குத்தப் போற?" என்று கேட்டவர்கள் உண்டு. அதனால் அவருக்குப் பட்டுக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் அதே கைதான் என் தலையில் குட்டும், அது வேறு கதை.

எங்கள் பக்கம் லேப். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அண்ணி போகிற வீடுகளில் பாதி. நடுவில் ரயில்வே கேட். காலையில் அதை மூடினால் சரக்கு வண்டி, பயணிகள் வண்டி, மறுபடியும் சரக்கு வண்டி என்று ஆடி அசைந்து எல்லாம் போன பிறகுதான் திறப்பார்கள். அண்ணி ஸ்கூட்டரில் ரத்தப் பெட்டியோடு கேட்டுக்கு முன்னால் நிற்பார். எடுத்த ரத்தத்தைச் சீக்கிரமாக மெஷினில் சுற்றிப் பிரிக்காவிட்டால் உப்பின் அளவைத் தப்பாகக் காட்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்த அளவை நம்பித்தான் மருந்து. இரண்டு மூன்று தடவை கணக்கு தப்பாகிப் போய், டாக்டர், லேபை நடத்துகிற லேப் அம்மாவைப் பிடித்துக் கத்திவிட்டார்.

லேப் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. "கேட்டுக்கு அந்தப் பக்க வீடுங்கள நிறுத்திடலாம்னு பாக்கறேன். நீங்க கவுன்ட்டர்ல உக்காந்துக்கங்க, வெயில் இல்ல, மழை இல்ல" என்றார். யாராக இருந்தாலும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அண்ணிக்கு அன்று முகம் தொங்கிப் போயிற்று. அந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த கேட்டை ஆயுசு முழுக்கத் திறந்து மூடியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கேட்காரர். இடுப்பு எலும்பு போய்ப் படுத்துவிட்டார், சிறுநீரகமும் பழுது. அண்ணி போகாவிட்டால் வாராவாரம் அவரை நாற்காலியில் கட்டிப் படி இறக்க வேண்டும். ஒரு தடவை இறக்கியபோது அவர் அலறிய சத்தம் தெருமுனை வரை கேட்டதாம்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே நடைபாலம் ஒன்று இருக்கிறது. படிக்கட்டுதான், ஸ்கூட்டர் ஏறாது. நடந்து போனால் வீடுகள் தூரம். அண்ணி ஒரு நாள் எங்கள் பழைய சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார். இரும்பு எருமை அது. பாதிப் படி ஏறியதும் சைக்கிள் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "தோள்ல தூக்கிட்டுப் படி ஏறுற மாதிரி ஒரு சைக்கிள் வேணுங்க" என்றார் என் அண்ணனிடம்.

என் அண்ணன் லாரி டயர் கடை வைத்திருக்கிறான். ஆள் உயர டயரைக் கடப்பாரையால் நெம்பிக் கழற்றுகிறவன். அவன் சிரித்த சிரிப்பில் முன்னால் இருந்த சோற்றுத் தட்டு ஆடியது. "சைக்கிள் நம்மளத் தூக்கணும், நாம சைக்கிளத் தூக்கறதா?"

சிரித்தவன்தான் விசாரித்து ஆளையும் கண்டுபிடித்தான். அந்த ஆள் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், நெடுநெடு உயரம், தொந்தியைக் கரைப்பதற்காக அலுமினிய ரேஸ் சைக்கிள் வாங்கியவர். நாங்கள் போனபோது அது பால்கனியில் துண்டு காயப் போடும் கொடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தொந்தியும் நலமாகவே இருந்தது.

"ஒரு பத்து தடவ ஓட்டியிருப்பேம்மா. புதுசு மாதிரி" என்றார் அவர்.

அண்ணி அந்தப் பேச்சை வாங்கிக்கொள்ளவே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் ஒட்டுகளில் விரலை ஓட்டினார். நோயாளி கையில் நரம்பு தேடுகிற அதே விரல். முன்பக்க ஒட்டுக்குக் கீழே ஒரு இடத்தில் விரல் நின்றது. மெல்லிய கோடு.

"கீறல்தான், விடு" என்றான் அண்ணன்.

"அலுமினியம் இரும்பு மாதிரி இல்லைங்க. இரும்பு வளைஞ்சு காட்டிக் கொடுக்கும். இது நல்ல பிள்ளையா இருந்துட்டுப் பட்டுன்னு விட்டுடும்." விசாரித்து வைத்திருக்கிறார். கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்தார். "நகம் மாட்டினா விரிசல். மாட்டல, பெயின்ட்தான் போயிருக்கு." பிறகு சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டு மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினார். இன்சூரன்ஸ்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் அப்போது சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. நெட்டை மனிதருக்கு உயர்த்தி வைத்த சீட் இறங்க மாட்டேன் என்றது. நாள்பட நின்றதில் சீட்டின் தண்டு குழாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணன் சுத்தியலோடு வந்தான். அண்ணி சைக்கிளுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். தினமும் வேலை முடிந்து வந்ததும் இணைப்பில் எண்ணெய் விடுவார், துணியைச் சுற்றி இப்படியும் அப்படியும் கொஞ்சமாக அசைப்பார், போய்விடுவார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யில்லை. ஒரு சாயங்காலம் அது 'கீச்' என்று முனகிக்கொண்டு அரை விரல்கடை திரும்பியது. நாங்கள் மூவரும் கை தட்டினோம். சீட் இறங்கியது. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்திருந்த ஹேண்டில்பாரை, அண்ணியின் குட்டைக் கைக்கு எட்டுகிற மாதிரி கிட்டே கொண்டுவந்தோம். செயின், பிரேக் கம்பி எல்லாம் புதிது. பின்னால் ரத்தப் பெட்டி வைக்கச் சீட் தண்டிலேயே கவ்வுகிற மாதிரி ஒரு கேரியரை அண்ணன் செய்து மாட்டினான்.

முதல் நாள் அண்ணி போய் வந்ததை நான் பாலத்தடியில் நின்று பார்த்தேன். கேட் மூடியிருந்தது. ஸ்கூட்டரும் காரும் ஆட்டோவும் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு நின்றன. அண்ணி பாலத்து மேல் சைக்கிளும் தோளுமாகப் போய்க்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, வேர்த்து ஒழுக, யாரையும் பார்க்காமல் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் லேபிலிருந்து போன். நேரத்துக்கு வந்தது சரி, ஆனால் ரத்தம் உடைந்து, அதாவது அணுக்கள் சிதைந்து, வந்திருக்கிறது. மெஷினில் சுற்றிய பிறகு மேலே நிற்கிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் குழாய் அத்தனையும் ரோஜா நிறம். அளவு எடுக்க லாயக்கில்லை. மறுநாளும் அதே கதை. கேட்காரரை மறுபடியும் குத்த வேண்டியதாகிவிட்டது.

லேப் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: "குத்தும்போது கை ஏதும் தடுமாறுதா?"

அண்ணி வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னார். முரட்டுத்தனமாக எடுத்தால் ரத்தம் உடையும் என்பது உண்மைதான். ஆனால் பட்டுக்கையிடம் கேட்கிற கேள்வியா அது? நான் லேபுக்கே போய் நாலு வார்த்தை கேட்கக் கிளம்பினேன். அண்ணிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவங்க கேட்டது தப்பில்ல. வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள சரியாகலேன்னா அந்தப் பக்கத்த விட்டுடணும். நீ வா, பெட்டி மேல கைய வச்சுட்டு என்கூடவே நட."

கல் பதித்த எங்கள் சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பெட்டி மேல் வைத்திருந்த என் கை தடதடவென்று உதறியது. பத்தடி போவதற்குள் உள்ளங்கை மரத்துவிட்டது. அண்ணி குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். அமுங்கவே இல்லை.

"இதுல யாரு காத்து அடிச்சது?"

கடையிலிருந்து அப்போதுதான் வந்த அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான். தெனம் காலையில நீ குளிக்கப் போற நேரத்துல அடிச்சு வச்சிடறேன். கம்பியால தட்டிப் பாரு, டங்குன்னு சத்தம் வரும். கல்லு மாதிரி இருந்தாத்தான் டயரு!"

லாரி டயர்க்காரனுக்கு அதுதான் வேதம். அவன் ஆசையாகச் செய்ததுதான். ஆனால் ஒல்லி டயர், விறைப்பான அலுமினியம், அதில் அவனே இறுக்கிக் கவ்வவிட்ட பெட்டி. சாலையில் இருந்த ஒவ்வொரு குழியும் நேராக ரத்தத்தில் போய் அடித்திருக்கிறது. விஷயம் புரிந்ததும் அவன் சந்துச் சுவரில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததில்லை. அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

அன்றைக்கே கேரியரைக் கழற்றினார்கள். பிரேக்குக்கு அடியில் இடிக்காமல் நுழைகிற அளவுக்குக் கொஞ்சம் தடித்த டயர் ஒரு ஜோடியை அண்ணன் அலைந்து வாங்கி வந்தான். காற்றைக் கட்டைவிரல் அமுங்குகிற அளவுக்கு விட்டார்கள். பெட்டிக்குள் ஸ்பான்ஜ் வைத்து, பட்டை தைத்து, பிள்ளையைக் கட்டிக்கொள்வது மாதிரி அண்ணியின் நெஞ்சோடு கட்டினோம். "குழி வந்தா நான் எழுந்து நின்னுக்குவேன். அடி எனக்கு விழட்டும்" என்றார்.

ஆனால் சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? மறுநாள் வெள்ளிக்கிழமை. நோயாளிகளின் ரத்தத்தை வைத்து இன்னொரு தடவை பரீட்சை பார்க்க மாட்டேன் என்று அண்ணி உறுதியாகச் சொல்லிவிட்டார். நான் கையை நீட்டுவதற்குள் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசியைப் படத்தில் பார்த்தாலே வேர்க்கிறவன் அவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டியை ஒரு தடவைகூடத் தன் கையில் குத்தவிட்டதில்லை.

"எடு" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "கேட்டுட்டு எடுக்காத. சட்டுன்னு எடு."

"எடுத்தாச்சுங்க" என்றார் அண்ணி.

இரண்டு குழாய். ஒன்றை நான் கையில் ஏந்தி, திருவிழாக் கூட்டத்தில் விளக்கு கொண்டுபோகிறவள் மாதிரி, நேராக லேபுக்கு நடந்தேன். இன்னொன்றோடு அண்ணி பாலம் ஏறி, கேட்காரர் வீட்டு வாசல் வரை போய், அதே வழியில் திரும்பி வந்தார். அண்ணனும் எங்களுக்கு முன்னாலேயே வந்து, வெளுத்துப் போய், லேப் பெஞ்சில் படுத்திருந்தான். லேப் அம்மா இரண்டையும் சுற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் வைக்கோல் நிறம். மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எது சைக்கிள்ல வந்தது?" என்றார்.

எனக்கே தெரியவில்லை. அண்ணி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லேப் அம்மா அவர் தோளைத் தொட்டு, "கைய சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் உங்களோடதுதான்" என்றார்.

அண்ணன் பெஞ்சிலிருந்து தலையை மட்டும் தூக்கினான். "ஒண்ணும் உடையலையா?"

"ஒரு சொட்டுகூட உடையலைங்க" என்றார் அண்ணி.

அவன் தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து, இன்னொரு சட்டைக் கையையும் மடித்தான். "எதுக்கும் நாளைக்கு ஒரு தடவ பாத்துடலாம். இந்தக் கையில எடுத்துக்க."

"நீங்க குடுத்தது போதுங்க" என்று அண்ணி அந்தச் சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பட்டனைப் போட்டார். "நாளைக்குக் கேட்காரர் கைய நீட்டிக்கிட்டுக் காத்திருப்பார்."