சானமாவில் சரோஜா நிறுத்திய கார்

சரோஜா போய்விட்டாள் என்று எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ் குப்புராஜ் அண்ணன் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். முந்தின நாள் மாலை வரை ஓசூரில் என் பக்கத்து மெஷினில் நின்றவள். ராயக்கோட்டையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தியவள், இறங்கவே இல்லையாம். மாரடைப்பு.

கம்ப்ரசர் பிரிவில் அவளோடு இருந்த உங்களுக்கு அவள் பிடிவாதம் தெரியும். சூடு காட்டும் மீட்டர் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்திவிடுவாள். மேனேஜர் தாம்தூம் என்று குதித்தாலும் "ஆறட்டும் சார்" என்பதோடு சரி. மேனேஜருக்குச் சூடு ஏறினால் எந்த சுவிட்சை அமுக்குவாய் என்று அவளைக் கேலி செய்வோம்.

நான் ஓசூருக்குக் குடிவரும் முன்பு, அவளுடைய பழைய காரில்தான் நானும் குப்புராஜ் அண்ணனும் ஊர் திரும்புவோம். ஒருநாள் பொழுது சாயும் நேரம். சானமாவுக் காட்டுக்குள் காரின் சூட்டு ஊசி ஏறியது. பானெட் இடுக்கில் ஆவி சீறியது. யானைக் கூட்டம் இறங்கியிருப்பதாக வனத்துறை ஜீப் காலையிலேயே மைக்கில் சொல்லியிருந்தது. அவளோ ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டாள்.

"இன்னுங் கொஞ்ச தூரந்தானம்மா, காட்டத் தாண்டி நிறுத்திக்கலாம்" என்றார் குப்புராஜ் அண்ணன்.

"கொஞ்ச தூரந்தானேன்னு ஓட்டித்தாண்ணா எஞ்சின் சாவுது" என்றாள்.

ரேடியேட்டர் குழாய் நுனி வெடித்துத் தண்ணீர் ஒழுகிப்போயிருந்தது. சூடு ஆறாமல் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். காத்திருந்தோம். இடப்பக்கம் கிளை முறிந்தது. பிறகு இன்னும் கிட்டே முறிந்தது. அவள் பானெட்டில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒருவழியாக, கிழிந்த நுனியை வெட்டிவிட்டுக் குழாயை மறுபடி இறுக்கினாள். ஈரத்துணி போட்டு மூடியைத் திருகி, எங்கள் குடிதண்ணீர் பாட்டில்களை உள்ளே கவிழ்த்தாள். கார் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்தில் யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன.

கடைசி நாள் மதியத்திலிருந்து அவளுக்கு இடது தோளில் வலி. ஃபேனுக்கு அடியிலும் வியர்த்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு, ஷிப்ட் முடியட்டும் என்றாள். ஊசியைப் பார்த்தே பழகியவள் தன் உடம்பைப் பார்க்கவில்லை.

துக்கத்துக்குப் போனபோது குப்புராஜ் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். அந்தக் கடைசி மாலையும் அவள் காரில்தான் அவர் ஊர் திரும்பினார்; சானமாவு தாண்டும்போது அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்.

"இன்னுங் கொஞ்ச தூரந்தாண்ணா, வூடு வந்துரும்னு சொல்லுச்சும்மா" என்றார்.

காட்டுக்குள் அவள் சொன்ன பதிலை நான் வைத்துக்கொள்கிறேன். இந்தப் பதில் அவரிடம் இருக்கிறது. பாவம், அதை அவர் எங்கே இறக்கி வைப்பார்?