கடலைச் சுருளில் வந்த பெயர்கள்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றபோது மிஸ் வாங்கிய கடலை அவர் கையிலேயே ஆறிப்போனது. அவர் சாப்பிடவில்லை. சுருளைப் பிரித்து, கடலை சுற்றியிருந்த காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என்னிடம் நீட்டி, "இது எங்கட கம்பனிட கடதாசி தானே?" என்று கேட்டார். மேலே எங்கள் கம்பனியின் பெயர் அச்சாகியிருந்தது. கீழே பணியாளர்களின் பெயர்கள், அவர்கள் எடுத்த மருத்துவ விடுமுறை, எந்த நோய்க்காக என்ற விவரம். ஓரத்தில் இருந்த சுருக்கொப்பம் என்னுடையது.

மிஸ் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது எங்கள் தேயிலை ஏற்றுமதிக் கம்பனியின் தகவல் பாதுகாப்பு முகாமையாளரை. அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்த புதிதில், கணினியைப் பூட்டாமல் எழுந்து போகிறவர்களின் மேசையில் ஒரு டொபி மிட்டாயும், 'பூட்டிட்டுப் போங்க' என்ற துண்டும் வைப்பார். டொபிக்காகவே சிலர் பூட்டாமல் போகத் தொடங்கியதும், பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு டொபியை மாற்றினார். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எங்களுக்குப் பயம் இல்லை, ஒரு வெட்கம் இருந்தது. பெரிய கம்பனி என்பதால் ஆபத்துகளும் நிறைய என்று சொல்லி, அவற்றையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். ஏமாற்று மின்னஞ்சல், களவு போகக்கூடிய மடிக்கணினி, வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் என்று அந்தப் பட்டியல் நீளும். பழைய காகிதம் மட்டும் அதில் இல்லை.

நான் பணியாளர் விவரங்களைப் பார்க்கும் ஆளணிப் பிரிவில் இருந்தேன். எல்லாம் கணினிக்கு மாறிவிட்டதால் கோப்பறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பழைய பேப்பர் வாங்குகிறவரை வரவழைத்து, மூட்டை மூட்டையாக ஏற்றிவிட்டது நான்தான். ஒரு கோப்பைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

மிஸ் கடலைக்காரரிடம் திரும்பிப் போய் மீதிக் கட்டு முழுவதையும் கேட்டார். "அப்ப நான் கடலைய எதுல சுத்துறது?" என்றார் அவர். நியாயமான கேள்வி. மிஸ் எதிர்க்கடையில் காகிதப் பைகள் வாங்கி வந்து கொடுத்துவிட்டுத்தான் கட்டை எடுத்தார். பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். இடையிடையே பக்கங்கள் இல்லை. அவை ஏற்கெனவே யார் யார் கைக்கோ போயிருந்தன.

"நாந்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன் மிஸ். அப்படியே எழுதிருங்க," என்றேன்.

"எழுதுவன். ஆனா பழைய கடதாசிய என்ன செய்யணும்னு இந்தக் கம்பனில ஒரு வரிகூட எழுதி வச்சில்லயே. அது என்ட பிழை. அதையும் எழுதுவன்."

பாதுகாப்புத் தரச் சான்றிதழுக்காக வெளியிலிருந்து தணிக்கையாளர்கள் வந்துபோன சமயம் அது. பொது முகாமையாளர், சான்றிதழ் கைக்கு வரும்வரை பொறுக்கலாமே, காகிதத்தில் பெயர் இருந்தவர்களிடம் சொல்லி ஏன் வீணாகக் கலங்க வைப்பது என்றாராம். அவருக்குச் சிங்களத்தில் கொடுத்த பதிலை மிஸ் என்னிடம் தமிழில் சொன்னார்: "அந்தத் தகவல் எங்கட இல்ல, அவங்கட. எங்கட கையால துலைஞ்சத அவங்களுக்குச் செல்லாம ஈக்க ஏலாது."

பெயர் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தித்தோம். சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். கலஹாவிலிருந்து வந்து பொதியிடும் கூடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணும் அந்தப் பட்டியலில் இருந்தாள். அவளுடைய பெயருக்கு நேரே வலிப்பு என்று இருந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை வீட்டுக்கு அது தெரியாது.

"இத எத்தன பேரு படிச்சிருப்பாங்க மிஸ்?" என்றாள்.

"தெரியாது தங்கச்சி. தெரியும்னு பொய் செல்ல மாட்டேன்."

ஊரில் வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் அவளே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அந்த வாரமே கல்யாணம் நின்றது. மிஸ் அதற்குப் பிறகு பல நாட்கள் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். எனக்கும் அந்தக் கூடத்தின் பக்கம் போகக் கால் வரவில்லை. ஒருநாள் அவளே எங்களைத் தேடி வந்தாள். "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்னு ரெண்டு நாள் திட்டுனேன்," என்றாள். "ஆனா கல்யாணத்துக்கப்புறம் தெரிய வந்திருந்தா நான் எங்க போயி நின்னுருப்பேன்?" மிஸ் தலைத் துணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளை உட்காரச் சொன்னார்.

பதிவேட்டில் பழைய காகிதத்துக்கும் ஒரு வரி சேர்ந்தது. அதில் 'பாதிப்பு' என்ற இடத்தில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றில் ஒன்றைத்தான் எழுதுவது வழக்கம். அவளிடம் அனுமதி கேட்டு, பெயர் போடாமல், 'ஒரு கல்யாணம் நின்றது' என்று எழுதினார் மிஸ். அதை எடுத்துவிடும்படி மேலிடத்தில் இரண்டு தடவை சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. சான்றிதழ் தாமதித்துத்தான் வந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை போகவில்லை.

மிஸ் இப்போது குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார். அவர் இடத்துக்கு வந்த இளம் அதிகாரி அண்மையில் பதிவேட்டைச் சீர்செய்யும்போது, இந்த வரி என்ன, அழித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அது அப்படியே இருக்கிறது. இதை மிஸ்ஸுக்கு எழுதியனுப்பினேன். பதிவேட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அந்தப் புள்ள எப்படி ஈக்கா?" என்று மட்டும் பதில் வந்தது.

அவள் இப்போது கூடத்தின் மேற்பார்வையாளர். மாதம் ஒருமுறை பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போக விடுமுறை கேட்டு என்னிடம் படிவம் தருவாள். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'சொந்த அலுவல்' என்றால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்பது மிஸ் கொண்டுவந்த விதி. அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மாதமும், என் மேசையருகே நின்று, தன் கையாலேயே 'வலிப்பு கிளினிக்' என்று தெளிவாக எழுதிக் கொடுக்கிறாள்.